கப்பலில் 18ஆ, 21ஆ? நடுக்கடலில் மது வயதை முடிவு செய்வது யார்

மயாமியில் கப்பல் ஏறும் 19 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கப்பலின் பின்புறம் பறப்பது பஹாமாஸ் கொடி. பஹாமாஸில் மது வாங்க 18 வயது போதும். மாலையில் புறப்பட்ட கப்பல் இரவுச் சாப்பாடு முடிவதற்குள் அமெரிக்கக் கடல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மறுநாள் காலை நிற்கப் போவது நசாவ் துறைமுகத்தில், அதுவும் பஹாமாஸ்தான். இத்தனைக்குப் பிறகும் கப்பல் பாரில் ஒரு பீர் கேட்டால், அறை அட்டையை இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பரிமாறுபவர் கையை விரித்துவிடுகிறார். 21 வயது ஆகவில்லை.

இதே இளைஞர் இதே கம்பெனியின் கப்பலில் பார்சிலோனாவில் ஏறியிருந்தால் பீர் கிடைத்திருக்கும். கொடி மாறவில்லை, ஆள் மாறவில்லை, விலைப்பட்டியல்கூடப் பெரிதாக மாறவில்லை. ஏறிய துறைமுகம் மட்டும்தான் வேறு. கப்பல் பயணம் போகும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பக் குழப்பும் விஷயம் இது. ஏன் இப்படி என்பதற்கு விடை தேட, முதலில் ஒரு கப்பலின் மேல் எத்தனை சட்டங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஒரு கப்பல், மூன்று அதிகாரங்கள்

1. கொடி நாடு: ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நாட்டின் கொடியைத்தான் அது பறக்கவிடும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் போகும்போது கப்பலுக்குள் செல்லுபடியாவது கொடி நாட்டின் சட்டம். 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இதைத்தான். ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்ற பெரிய கம்பெனிகளின் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸில் பதிவானவை. கார்னிவலுக்குப் பனாமாவிலும் பஹாமாஸிலும் நிறைய உண்டு. இரண்டு நாடுகளிலும் மது வயது 18.

2. கரையோர நாடு: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை, உள்ள நீர்ப்பரப்பு அந்தந்த நாட்டின் ஆட்சிக் கடல். வெளிநாட்டுக் கொடி பறந்தாலும், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்த நாட்டின் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டதுதான். அமெரிக்கா 1988 வரை 3 கடல் மைலைத்தான் தன் எல்லையாக வைத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் ரீகன் வெளியிட்ட பிரகடனம் அதை 12 ஆக்கியது.

3. பயண ஒப்பந்தம்: டிக்கெட் வாங்கும்போது யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகிற நீண்ட பக்கங்கள் இவை. கம்பெனியின் மது விதிகளும் நடத்தை விதிகளும் இதன் பகுதிகள். பயணி ஒப்புக்கொண்டுதான் ஏறுகிறார்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. சட்டம் 18 என்று சொன்னால் கம்பெனி 21 என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் 21 என்று சொன்னால் கம்பெனி 18 என்று வைக்க முடியாது. ஆக, ஒரு இடத்தில் எந்த எண் அதிகமோ அதுதான் செல்லும். நம் இளைஞருக்குக் கொடி நாடும் 18, நசாவும் 18; ஆனால் டிக்கெட் 21. அங்கேயே கதை முடிந்துவிடுகிறது.

'சர்வதேசக் கடல்' என்ற மயக்கம்

எல்லையைத் தாண்டிவிட்டால் எந்தச் சட்டமும் கிடையாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மேலே பார்த்தபடி அங்கே கொடி நாட்டின் சட்டம் இருக்கிறது என்பது ஒன்று. அந்த 'எல்லை தாண்டிய கடல்' பல பாதைகளில் எவ்வளவு குறுகலானது என்பது இன்னொன்று.

மயாமிக்கும் பஹாமாஸின் பிமினி தீவுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் 22, இந்தப் பக்கம் 22 கழித்தால் நடுவில் மிஞ்சுவது 36 கிலோமீட்டர். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் அதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்காகவே பாரில் விதி மாறி, மறுபடி மாறினால் பரிமாறுபவர்கள் கையில் கடல் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டியிருக்கும்.

அலாஸ்கா பயணம் இன்னும் தெளிவான உதாரணம். அங்கே கப்பல்கள் பெரும்பாலும் தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவிலுள்ள நீர்வழியில்தான் போகின்றன. பாதையின் ஒரு பகுதி அமெரிக்க நீர், இன்னொரு பகுதி கனடிய நீர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மது வயது 19, அமெரிக்காவில் 21. ஹவாய் தீவுகளை மட்டும் சுற்றிவரும் 'பிரைடு ஆஃப் அமெரிக்கா' என்ற நார்வீஜியன் கப்பலுக்குக் கொடியே அமெரிக்கக் கொடிதான். அதில் பேச்சுக்கே இடமில்லை, 21தான்.

கொடியால் மட்டும் எதுவும் தீர்மானமாவதில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி மால்டா. அங்கே மது வயது 17. செலிபிரிட்டி கம்பெனியின் கப்பல்கள் பல மால்டாவில் பதிவானவை. அவற்றில் எதிலும் 17 வயதுக்காரருக்கு ஒயின் ஊற்ற மாட்டார்கள்.

21 என்ற எண் எங்கிருந்து வந்தது

கரீபியன் பயணங்களின் பெரிய சந்தை அமெரிக்கா என்பதால், அந்த நாட்டின் எண்தான் கப்பல் உலகில் ஓங்கி நிற்கிறது. ஆனால் அமெரிக்காவிலும் இது ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்லை. 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆனதும், பல மாநிலங்கள் மது வயதையும் கூடவே குறைத்தன. ஒரு மாநிலத்தில் 18, பக்கத்து மாநிலத்தில் 21 என்று ஆகவே, இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பினார்கள். விபத்துகள் பெரிய அரசியல் பிரச்சினை ஆயின.

1984 ஜூலையில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தச் சட்டம் 21 வயதுக்குக் கீழ் யாரும் குடிக்கக் கூடாது என்று நேரடியாகத் தடை போடவில்லை. 21 வயதுக்குக் கீழானவர் மது வாங்கவோ பொது இடத்தில் வைத்திருக்கவோ அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்து வைப்போம் என்று மட்டும் சொன்னது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1988க்குள் 50 மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. நிதி போனாலும் போகட்டும் என்று 18இலேயே நின்றுகொண்டது, மாநிலமாக இல்லாமல் அமெரிக்க ஆட்சிப்பகுதியாக இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவு. அங்கே சான் வான் துறைமுகத்தில் இறங்குபவர்கள் அமெரிக்க மண்ணில் நின்றுகொண்டே 18 வயதில் சட்டப்படி பீர் குடிக்கலாம்.

அதாவது 21 என்பது மாநிலங்கள் வழியாக வந்த விதி. மாநிலங்களுக்கு நடுக்கடலில் அதிகாரம் இல்லை. அமெரிக்க எல்லைக்கு வெளியே, வெளிநாட்டுக் கொடியோடு போகும் கப்பலில் 19 வயதுக்காரர் பீர் குடிப்பதை அமெரிக்காவின் மது வயதுச் சட்டங்கள் தடுப்பதில்லை. தடுப்பது கம்பெனிதான்.

மதுவும் கப்பலும் கடல் எல்லையும் மோதிக்கொள்வது புதிதல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் முழு மதுவிலக்கு இருந்த 1920-33 காலத்தில் வெளிநாட்டுப் பயணக் கப்பல்கள் மதுவோடு நியூயார்க் துறைமுகத்துக்குள் வரலாமா என்ற வழக்கை குனார்டு கம்பெனி நடத்தியது. 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எந்தக் கொடியாக இருந்தாலும் அமெரிக்க எல்லைக்குள் மதுவிலக்கு செல்லும், எல்லைக்கு வெளியே அமெரிக்கக் கப்பலுக்குக்கூடச் செல்லாது. எல்லைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற கணக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நடுவில் சேர்ந்தது கம்பெனியின் சொந்த விதி.

சட்டம் விட்டாலும் கம்பெனி ஏன் விடுவதில்லை

மது விற்பனை கப்பல் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம். 18 முதல் 20 வரையுள்ளவர்களைத் தள்ளிவைப்பது அவர்களாகவே விட்டுக்கொடுக்கும் காசு. அப்படி விட்டுக்கொடுக்க வலுவான காரணம் வேண்டும் இல்லையா?

1. வழக்கு நடக்கும் இடம்: கப்பல் பஹாமாஸில் பதிவாகியிருக்கலாம். ஆனால் ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன் மூன்றின் தலைமை அலுவலகமும் மயாமி பகுதியில். டிக்கெட்டில் 'வழக்கு போடுவதானால் புளோரிடாவில்தான் போட வேண்டும்' என்ற பிரிவு இருக்கும். அந்தப் பிரிவு செல்லும் என்று 1991இல் கார்னிவல் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கம்பெனியே கேட்டு வாங்கிய வசதி இது. ஆனால் அதன் மறுபக்கம் என்னவென்றால், நடுக்கடலில் நடந்ததற்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

2. ஊற்றிக் கொடுத்தவரின் பொறுப்பு: 2004இல் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பயணி தள்ளாடும் நிலையிலும் மது கொடுத்ததால் அவர் விழுந்து காயப்பட்டார் என்ற புகாரில் ராயல் கரீபியன்மீது வழக்கு நடக்கலாம் என்றது. 2019இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கு இதைவிடக் கனமானது. கப்பலில் ஏறிய முதல் இரவே, ஊழியர்கள் பார்க்கும்படியான பொது இடத்தில், 15 வயதுப் பெண்ணுக்கு ஆண் பயணிகள் சிலர் மது வாங்கிக் கொடுத்து, பிறகு அறைக்குக் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள் என்பது புகார். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்ட அந்த வழக்கைக் கம்பெனிமீது தொடரலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. இப்படி ஒரு தீர்ப்பைப் படித்த எந்தச் சட்டப் பிரிவும், வயது விதியைத் தளர்த்தலாமா என்ற யோசனையை ஓரமாக வைத்துவிடும்.

3. மற்ற பயணிகள்: மயாமியிலோ கால்வெஸ்டனிலோ ஏறும் குடும்பங்கள் 21ஐ இயல்பான எண்ணாக எடுத்துக்கொள்பவை. கல்லூரி விடுமுறைக் காலத்தில் 18 வயதுக் கூட்டம் கப்பலை நிறைப்பதை அவர்கள் விரும்புவதில்லை. கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

4. ஒரே விதியின் எளிமை: பல ஆயிரம் பயணிகள், கப்பலில் பத்துப் பதினைந்து பார்கள். கப்பல் நிற்கும் இடத்தைப் பொறுத்து நாளுக்கு மூன்று முறை மாறும் விதியை ஊழியர்கள் தலையில் கட்டினால் தவறு நடந்தே தீரும்.

என் கணிப்பில் இரண்டாவது காரணம்தான் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிடுவது.

எங்கே ஏறினால் எந்த வயது

ராயல் கரீபியனின் விதி இதற்கு நல்ல மாதிரி. வட அமெரிக்காவில் தொடங்கும் பயணங்களில் 21. ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் தொடங்கினால் 18. மற்ற பெரிய அமெரிக்கக் கம்பெனிகளும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் போகின்றன. பிரிட்டனை மையமாக வைத்து ஓடும் பி அண்ட் ஓ கப்பல்களில் பொதுவாக 18.

18 என்று பொதுவாக இருக்கும் பகுதியிலும் உள்ளூர்ச் சட்டம் அதிகமாக இருந்தால் அது குறுக்கே வரும். ஜப்பானில் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் வரம்பை 20இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். மது வயதை மட்டும் 20இலேயே விட்டுவைத்தார்கள். ஐஸ்லாந்திலும் 20.

பெற்றோர் கையெழுத்து என்ற நடுவழி

சில கம்பெனிகள் கதவை முழுதாகச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்திருக்கின்றன. நார்வீஜியனில் 18 முதல் 20 வயது வரை உள்ளவர்கள், உடன் பயணிக்கும் பெற்றோர் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால், பீரும் ஒயினும் மட்டும் தாங்களே வாங்கிக் குடிக்கலாம் என்ற முறை இருந்துவருகிறது. விஸ்கி, ரம் வகையறாக்கள் கிடையாது. அமெரிக்க நீர்ப்பரப்பில் இருக்கும்போது கிடையாது. அலாஸ்கா, ஹவாய் பயணங்களில் அறவே கிடையாது. ஏன் என்பது மேலே சொன்ன நீர்வழிக் கதையிலேயே இருக்கிறது. டிஸ்னி கப்பல்களில் ஐரோப்பாவில் தொடங்கி ஐரோப்பாவிலேயே முடியும் பயணங்களுக்கு இதைப் போன்ற படிவம் உண்டு. அங்கே குடிக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையெழுத்து பெற்றோருடையதாக இருக்க வேண்டும். 23 வயது அண்ணனோ, கூட வந்த நண்பனின் அப்பாவோ போட்டால் எடுபடாது.

அட்டைக்கு எல்லாம் தெரியும்

நிலத்திலுள்ள பாரில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதும் சொல்லாததும் பரிமாறுபவரின் கணிப்பைப் பொறுத்தது. கப்பலில் அந்தத் தயவு கிடையாது. அறைச் சாவி, பணப்பை, அடையாளம் மூன்றுமாக இருப்பது ஒரே அட்டை. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி பதிவின்போதே கணினிக்குள் போய்விடுகிறது. அட்டையை இயந்திரத்தில் வைத்ததும் பரிமாறுபவரின் திரையில் புகைப்படமும் வயதும் வந்துவிடும். போலி அட்டைக்கு இங்கே வேலையே இல்லை.

வயது, கப்பல் புறப்படும் நாளைக் கொண்டு கணக்கிடப்படும். அப்படியானால் பயணத்தின் நடுவில் 21ஆவது பிறந்தநாள் வந்தால்? ராயல் கரீபியனில், பிறந்தநாளுக்குப் பிறகு வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போய் அரசு அடையாள ஆவணத்தைக் காட்டினால், கணினியில் மாற்றிக் கொடுப்பார்கள். தானாக மாறாது, கேட்க வேண்டும்.

அளவற்ற மதுவுக்கு முன்பணம் கட்டும் பேக்கேஜிலும் இந்த எண் வந்து நிற்கிறது. கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் ஓர் அறையில் ஒருவர் அதை வாங்கினால், அதே அறையிலுள்ள 21 நிரம்பிய எல்லோரும் வாங்க வேண்டும். ஒருவர் வாங்கி ஊருக்கே ஊற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு. 20 வயது மகனோடு ஒரே அறையில் இருக்கும் தந்தைக்கு இதில் லாபம் உண்டு: மகனுக்கு மது பேக்கேஜ் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. புறப்படும் நாளில் கையில் கொண்டுவர அனுமதிக்கப்படும் 750 மில்லி ஒயின் பாட்டிலும் வயது நிரம்பியவர்களின் தலைக்கு ஒன்றுதான்.

கரையில் இறங்கிய பிறகு

துறைமுகத்தில் இறங்கி ஊருக்குள் போய்விட்டால் கம்பெனியின் 21 கூடவே வராது. மெக்சிகோவின் கோசுமெல், பஹாமாஸின் நசாவ், ஜமைக்கா எல்லாவற்றிலும் 18. அங்குள்ள உணவகத்தில் 19 வயதுக்காரர் பீர் குடிப்பது சட்டப்படி சரி. ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும்.

1. தனியார் தீவுகள்: ராயல் கரீபியனின் கோகோகே இருப்பது பஹாமாஸில். ஆனால் அதை நடத்துவது கம்பெனி, அங்கே செல்லுவதும் கப்பல் அட்டைதான். கரையில் இறங்கினாலும் கப்பல் பாரைவிட்டு இறங்கியதாக ஆகாது.

2. திரும்பி ஏறும்போது: ஊரில் குடித்தது குற்றமில்லை என்றாலும், தள்ளாடிக்கொண்டு கப்பலேறினால் நடத்தை விதி பாயும். வாங்கிய பாட்டிலைக் கப்பல்வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் கொடுப்பது பொதுவான வழக்கம். 21 ஆகாதவர் கையில் கொடுக்க மாட்டார்கள்.

3. சுங்கம்: நசாவில் முறையாக வாங்கிய ரம் பாட்டிலோடு மயாமியில் இறங்கினால், 21 ஆகாதவர் மதுவை அமெரிக்காவுக்குள் கொண்டுவர முடியாது. 18 வயதில் வாங்கலாம், குடிக்கலாம், கொண்டுபோக மட்டும் முடியாது என்பது விசித்திரம்தான்.

இதோடு குழப்பிக்கொள்ளும் மற்ற வயதுகள்

கப்பல் பயணத்தில் வேறு இரண்டு வயது வரம்புகள் உண்டு. அவற்றை மது வயதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

முதலாவது, தனியாக அறை எடுக்கும் வயது. ராயல் கரீபியனின் வட அமெரிக்கப் பயணங்களில், 21 நிரம்பிய ஒருவராவது உடன் இல்லாமல் 20 வயதுக்காரர்களுக்கு அறை தர மாட்டார்கள். கார்னிவல் இன்னும் ஒரு படி மேல்: 21 ஆகாதவர் 25 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினர் அல்லது பாதுகாவலரோடு வர வேண்டும். திருமணமான இளம் தம்பதிகள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. குடிக்கப் போவதே இல்லை என்று சொன்னாலும் இந்த விதி தளராது. நண்பர்களாகச் சேர்ந்து முன்பதிவு செய்யும் கல்லூரி மாணவர்களின் பயணம் இங்கேதான் நின்றுபோகிறது, பாரில் அல்ல.

இரண்டாவது, சூதாட்டக் கூடம். கார்னிவலில் அதற்கு 18 போதும். பணத்தைத் தொலைக்க 18, அந்தத் துக்கத்தில் ஒரு பீர் குடிக்க 21.

மீறினால் என்ன ஆகும்

இங்கே பெரும்பாலும் போலீஸ் வராது. கம்பெனியே நடவடிக்கை எடுக்கும். மது வாங்கும் வசதியை அட்டையில் முடக்குவது முதல், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவது வரை ஒப்பந்தம் அதிகாரம் கொடுக்கிறது. இறக்கிவிட்டால் விமானச் செலவு பயணியின் தலையில், மீதி நாட்களின் பணமும் திரும்பாது. வயது ஆகாதவருக்கு வாங்கிக் கொடுத்தவரும் இதே தண்டனைக்கு உரியவர்தான். தன் மகனுக்குத் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் கொடுத்த தந்தையும் விதிப்படி இதில் அடக்கம்.

ஒருவழிப் பயணம் என்ற சாம்பல் இடம்

புறப்படும் துறைமுகத்தை வைத்துப் பார்ப்பது பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். அது தடுமாறும் ஓர் இடம் உண்டு. இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து புளோரிடாவுக்கும், வசந்தத்தில் மறுதிசையிலும் கப்பல்கள் இடம்பெயரும். பார்சிலோனாவில் ஏறி இரண்டு வாரம் அட்லாண்டிக்கில் போய் மயாமியில் இறங்கும் 19 வயதுக்காரருக்கு எந்த எண்? 'ஐரோப்பாவில் தொடங்கும் பயணம்' என்று எழுதியிருக்கும் கம்பெனியில் ஒரு விடை, 'ஐரோப்பாவில் தொடங்கி அங்கேயே முடியும் பயணம்' என்று எழுதியிருக்கும் கம்பெனியில் வேறு விடை. முதல் வகையிலும் கப்பல் அமெரிக்க எல்லைக்குள் நுழைந்ததும் 21 வந்துவிடும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுபவை என்பதால், பயண எண்ணைக் குறிப்பிட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதையும் இறுதித் தொகை கட்டும் நாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மனம் மாறினால் ரத்துக் கட்டணம் போகத்தான் மீதி கைக்கு வரும்.